புகார்க் குழுவில் மாணவருக்குரிய மூன்று இடங்கள்

கல்வி வளாகப் பாலியல் புகார்கள் குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தெளிவானவை. மாணவர் தொடர்பான புகாரெனில், உள்ளகப் புகார்க் குழுவில் மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூவர் இடம்பெற வேண்டும். துணைவேந்தரோ பதிவாளரோ துறைத்தலைவரோ உறுப்பினராகக் கூடாது. 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும்.

ஹைதராபாத் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழக மாணவர்கள் 2023 அக்டோபரில் கேட்டது, இக்குழுவை முறைப்படி திருத்தியமைக்க வேண்டும் என்பதையே. அதே நாட்களில் வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் தாக்குதலுக்கு ஆளானார். குழுவை அமைக்கத் தயங்கியோர், போராடிய மாணவர்கள் மீது காவல்துறையில் புகாரளிக்கத் தயங்கவில்லை, வழக்கும் பதிவாயிற்று.

இந்த வேகம் அந்நகருக்குப் புதிதன்று. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2015இல் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து விலக்கப்பட்டனர். ஒன்றிய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா கடிதம் எழுத, மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டியது. ஐவரில் ஒருவரான ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிர்துறந்தார். பெண்ணின் புகாருக்கு இத்தகைய நினைவூட்டல் தில்லியிலிருந்து வருவதுண்டா?

மாணவர் பேரவைத் தேர்தலே நடவாத கல்லூரியில் அம்மூவரையும் முதல்வரே நியமித்துவிடுகிறார்; குழு காகிதத்தில் நிறைவடைகிறது. நமது மாவட்டக் கல்லூரிகளில் அவ்விடங்கள் தேர்தலால் நிரப்பப்பட்டனவா என்பதை மாணவர் அரங்கத் தோழர்கள் இக்கல்வியாண்டிலேயே எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும்.