நாளைய உலகத்தைப் பற்றிய கதைகள்

(விளாங்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



கூட்டம் தொடங்குமுன் வாலிபர் ஒருவர் நம்மிடம், "வருங்காலத்தைப் பற்றிய கதைகளில் உலகம் பெரும்பாலும் நாசமாகவே போகின்றது. நம்பிக்கை தருவதும் நம்பத் தகுந்ததுமான கதை நமக்குக் கிடையாதா?" என்று கேட்டார். அதற்குப் பதில்தான் இன்றையப் பேச்சு.

தோழர்களே! நம் நாட்டில் நல்ல காலம் எப்பொழுதும் முதுகுக்குப் பின்னால்தான் வைக்கப்பட்டிருக்கின்றது. கிருதயுகம் போய்விட்டதாம், இது கலியாம், இனி அழிவாம்! இடியப் போகும் வீட்டுக்கு எவனாவது ஓடு மாற்றுவானா? புஷ்பக விமானம் இருந்ததே என்பார்கள். அது எதனால் ஓடிற்று, எந்தத் தொழிலாளி செய்தான், ஏழை அதில் ஏறினானா என்று கேட்டால் பதில் இல்லை.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' போன்ற கதைகள், யந்திரத்தைக் கொண்டே சர்வாதிகாரம் நடக்கக்கூடும் என்று எச்சரிக்கின்றன. எச்சரிக்கை வேண்டியதுதான். ஆனால் பள்ளத்தைக் காட்டினால் மாத்திரம் போதுமா? பாதையையும் காட்ட வேண்டாமா?

1905-ல் ரொக்கையா என்கின்ற வங்காள முஸ்லிம் பெண்மணி 'சுல்தானாவின் கனவு' என்று ஒரு கதை எழுதினார். அது முதலில் வெளிவந்தது நம் சென்னையில் நடந்த மாதர் பத்திரிகை ஒன்றில்தான். அதில் பெண்கள் படித்து நாட்டை ஆளுகின்றார்கள். சூரிய வெப்பத்தில் சமைக்கின்றார்கள். ஆண்கள் அந்தப்புரத்தில் அடைந்து கிடக்கின்றார்கள்! அன்று சிரித்திருப்பார்கள். ஆனால் 2016-ல் கமுதி பக்கம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. சூரியனுக்குப் பொங்கல் வைத்ததால் வந்ததா அது?

1940-களில் பெரியார் 'இனிவரும் உலகம்' என்பதில், கம்பியில்லாத் தந்திக் கருவி ஆளுக்கொன்றாகும், முகம் பார்த்துப் பேசலாம், ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை உண்டாக்கலாம் என்றார். 1978-ல் இங்கிலாந்தில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது; அதே ஆண்டில் கல்கத்தாவிலும் பிறந்தது. 1995-ல் இந்தியாவில் கைப்பேசி வந்தது.

இதைக் கொண்டு பெரியாரைத் தீர்க்கதரிசியாக்கி மாலை போடாதீர்கள். அன்று இருந்த விஞ்ஞானத்தைப் பார்த்து, மேலே என்ன ஆகும் என்று யோசித்தார், அவ்வளவுதான். பணமும், உயர்வு தாழ்வும் இராது என்றும் சொன்னார். அவை ஒழிந்தனவா? சட்டைப் பையில் கருவி வந்தது. அதிலேயே ஜாதகமும் பார்க்கின்றோம், ஜாதிச் சங்கமும் கூட்டுகின்றோம்! கருவியை விஞ்ஞானி செய்து கொடுப்பான். ஜாதியை ஒழிக்க எந்த விஞ்ஞானி வருவான்? அது நம் வேலையல்லவா?

ஆகையால், எந்தக் கதையையும் மூன்று கேள்வி கேட்டுப் படியுங்கள். எப்படி நடந்தது? யார் உழைத்தார்கள்? யாருக்குப் பலன்? பதில் சொல்லும் கதையே நம்பத் தகுந்த கதை. படிப்பகத்தில் இவ்விரண்டையும் உரக்கப் படியுங்கள்; பெண்களையும் படிக்கச் சொல்லுங்கள். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக மாத்திரம் நம்பிவிடாமல், உங்கள் பகுத்தறிவுக்குச் சரியென்று பட்டதையே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூறி முடித்துக் கொள்ளுகின்றோம்.