வாடைக் காற்றும் கடதாசிப் பட்டமும்

பனி விழும் நாடுகளில் மாரிகாலம் குழந்தைகளை வீட்டுக்குள் அடைத்து விடுகின்றது. அவர்கள் கணப்பினருகே அமர்ந்து, வெண்தாளில் பனித்துகள் உருவங்களை வெட்டிச் சாளரத்தில் ஒட்டி மகிழ்வர். பருத்தித்துறைச் சிறுவர்க்கோ மாரி வெளியே அழைக்கும் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்து வெள்ளத்தில் கடதாசிக் கப்பல் மிதக்கும். மழை ஓய்ந்து வாடை சீராக வீசத் தொடங்கியதும் அதே கைகள் பட்டம் கட்ட முற்படும். வடகிழக்கிலிருந்து கடலைக் கடந்து வரும் அக்காற்றை மறிக்க அங்கே மலையுமில்லை, மேடுமில்லை.

பெரியோர் கட்டும் கொக்கும் பிராந்தும் எட்டுமூலையும் சிறுவர்க்கு உடனே கைவராதவை. நாலுமூலைப் பட்டமே முதற்பாடம். ரிசுப் பேப்பர் எனப்படும் மெல்லிய வண்ணத்தாளில் 14 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக் கொள்க. மூலைக்கு மூலை நேராக ஒரு மூங்கிற் சிலாகை. அதன் குறுக்கே வில்லாக வளைத்த தென்னோலை ஈர்க்கு. ஈர்க்கு ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பதாதலால், இரண்டினைத் தலைமாறிச் சேர்த்துக் கட்டினாலன்றி இருபுறமும் நிறை ஒவ்வாது. நிறை ஒவ்வாத பட்டம் ஒரு பக்கமே சாய்ந்து சுழலும். கோதுமை மாவைக் காய்ச்சிய பசை போதும். அதை அள்ளிப் பூசுவது குழந்தையின் ஆசை, ஆனால் பட்டத்துக்குப் பாரம்.

இனி முச்சை. பெரியோர் பலர் இவ்விடத்தில் பொறுமையிழந்து தாமே கட்டிக் கொடுத்து விடுகின்றனர், அது தவறு. முச்சையின் மேல்நூல் நீண்டு விட்டால் பட்டம் காற்றை முழுமுகமாக வாங்கி இழுக்குமேயன்றி ஏறாது. குறுகிவிட்டால் படுத்து நடுங்கும். முடிச்சை ஒரு விரற்கடை நகர்த்திப் பார்த்து, மீண்டும் விட்டுப் பார்த்து அறிவதே குழந்தைக்கு இவ்வேலையின் சுவை. அப்பனின் கை அங்கே குறுக்கிடாதிருக்கட்டும்.

விண் கூவும் ஓசை கேட்டால் எச்சிறுவனும் தன் பட்டத்துக்கும் ஒன்று கேட்பான். வில்லில் இழுத்துக் கட்டிய நார் காற்றில் அதிர்வதே அவ்வோசை. சிறு பட்டம் அதன் பாரத்தைத் தாங்காது. அடுத்த ஆண்டுக்கென்று சொல்லி வைக்கலாம்.

தைப்பொங்கலன்று அயலூரான வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் போட்டியில் ஆள் உயரத்தை மிஞ்சும் பட்டங்கள் எழுகின்றன. அவற்றைக் கண்ட சிறுவர் பெரும் பட்டத்தின் கயிற்றைப் பிடிக்க ஓடுவர். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் அத்தகைய கயிற்றைப் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் வானில் தூக்கப்பட்டார். ஏறத்தாழ 40 அடி உயரமென்று செய்திகள் கூறின. அவர் உயிர் தப்பினார். சிறுவர் கையில் பருத்தி நூலே இருக்கட்டும். இழுவை மிஞ்சினால் அது அறுந்து விடும், நைலோன் அறாது விரலை வெட்டும். மின்கம்பி இல்லாத வெளியைப் பார்த்து விடுக. கம்பியில் சிக்கிய பட்டத்தைக் கைவிட்டு வருவதற்கும், வீட்டில் எஞ்சிய தாளில் மறுநாள் வேறொன்று கட்டுவதற்கும் பிள்ளையை முன்னரே இசைவித்து வைத்தல் நன்று.