பரணில் இருக்கும் துப்பாக்கி



பெரிய காஞ்சிபுரத்தில் அப்பா காலமானால் அவர் உட்கார்ந்து நெய்த தறியில் மறுமாதமே மகன் உட்காரலாம். யாரும் கேட்கமாட்டார்கள். அதே வீட்டுப் பரணில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தால் கதை வேறு. லைசென்ஸ் அப்பா பெயருக்குத்தான். அவரோடு அது முடிந்துவிடுகிறது.

நம் பக்கத்துப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் இந்தத் துப்பாக்கியைக் கௌரவமாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை லைசென்ஸ் கேட்டு நிற்க வைத்தது. வெள்ளைக்காரர்களுக்கு விலக்குத் தந்தது. காந்தியடிகள் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் காலத்தில் லைசென்ஸ் கிடைப்பதே பெரிய மனிதர் என்பதற்கு அடையாளம். அந்த மதிப்பு இன்னும் மனசிலிருந்து போகவில்லை. அதனால்தான் பலர் கொடுக்கவும் மனமில்லாமல், சொல்லவும் பயந்து, பேசாமல் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கவலை அதுதான்.

இப்போது நடப்பில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம். 2019இல் அதைத் திருத்தினார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3இலிருந்து 2 ஆகக் குறைந்தது. "துருப்பிடித்துக் கிடக்கிறது, சுடாது" என்பார்கள். பழுது பார்த்தால்கூடச் சுடாது என்றால்தான் விலக்கு உண்டு. அதை நாமே முடிவு செய்துகொள்ள முடியாது.

விற்றுவிடலாமே என்றால் அதற்கும் முறை இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவரே இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்பதானாலும், கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் பொறுக்க வேண்டும்.

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்றைப் பலர் அறியவில்லை. அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தம் வாரிசு ஒருவர் பெயரைச் சொல்லலாம். அந்த வாரிசு லைசென்ஸுக்கு மனுப் போடலாம் என்று 2016ஆம் ஆண்டு விதி சொல்கிறது. வாரிசுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மனுவைக் காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கலாம். போலீஸ் விசாரணை நடக்கும். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

அவர் போய்விட்டாரா? காரியம் முடிந்த கையோடு காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிடுங்கள். ஒப்படைத்ததாலேயே உரிமை போய்விடாது. வாரிசுக்கு லைசென்ஸ் கிடைத்தால் திரும்ப வாங்கலாம்; இல்லையென்றால் லைசென்ஸ் உள்ளவருக்கு விற்றுப் பணம் பெறலாம். இதற்குச் சட்டம் வைத்திருக்கும் கெடுவைத் தாண்டவிட்டால்தான் அரசு எடுத்துக்கொள்ளும்.

போகும்போது லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் கொண்டுபோங்கள். பெட்டியில் தோட்டா மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். துப்பாக்கியில் பொறித்த எண்ணும் புத்தகத்தில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அதே எண்ணைப் போட்டு ரசீது கேட்டு வாங்குங்கள்.