சேலைக்கு ஒரு காரணம்



வானொலியில் பேசுவதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. நான் இப்போது என்ன உடுத்தியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. நானே சொல்லிவிடுகிறேன்: வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறப் பேண்ட். வேலைக்குப் போகிற உடுப்பு. ஆனால் மாதத்தில் சில நாள் நான் சேலை கட்டுகிறவன். கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறவனும் இல்லை, வெளியே போய் வருகிறவன். பேர் சொல்லாமல் பேச நிலையத்தார் சம்மதித்தார்கள். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பார்கள். கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். நான் திருநங்கை இல்லை. திருநங்கையர் பெண்கள், பெண்ணாகவே வாழ்கிறவர்கள். நான் ஆண். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ரேஷன் கடை வரிசையில் உங்கள் பின்னால் நிற்கிற ஆண். சேலை கட்டிக்கொண்டால் மனசு ஒரு நிதானத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். படித்தவர்கள் கிராஸ் டிரெஸ்ஸர் என்பார்கள். ஊருக்குள் ஒரு எண்ணைச் சொல்லித் திட்டுவார்கள். திருநங்கையரைத் திட்டுகிற அதே எண். திட்டு எல்லோருக்கும் பொதுவாகத்தான் விழுகிறது. ஆனால் நான் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். அவர்களுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதை மறந்துவிட்டு நான் இங்கே என் கஷ்டத்தைப் பேசினால் அது நியாயமில்லை.

எனக்குப் பிடித்த பயணம் குச்சனூருக்குத்தான். அதுவும் ஆடிச் சனிக்கிழமை. சின்னமனூரைத் தாண்டி, வயலுக்கு நடுவே போகிற ரோட்டில், மதுரை, திண்டுக்கல், கேரளா என்று எல்லா ஊர் வண்டியும் நிற்கும். சுயம்பு சனீஸ்வரரைப் பார்க்க வந்த கூட்டத்தில் உள்ளூர் முகங்கள் கரைந்து போகும். அதை விடப் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. மற்றக் கோயில்களில் பக்கத்தில் நிற்பவரின் நகை, புடவை, மருமகள் எல்லாவற்றையும் பார்க்க நமக்கு நேரம் இருக்கும். குச்சனூரில் அவரவருக்கு அவரவர் ஏழரை. எள் தீபம் காற்றில் அணையாமல் இருந்தால் போதும் என்று கையைக் குவித்துக்கொண்டு நிற்கிறவர், பக்கத்தில் இருக்கிறவரின் தாடையில் ரோமம் இருக்கிறதா என்று பார்க்கப் போவதில்லை. இந்தக் கோயிலிலேயே சோணை கருப்பசாமிக்கு மது பாட்டில் படைக்கிறார்கள். ஆளைத் தரம் பார்த்து உள்ளே விடுகிற இடமாக எனக்கு இது பட்டதில்லை.

ஸ்கூட்டியை என் மனைவி ஓட்டுவாள். நான் பின்னால், ஒருபக்கமாக உட்கார்ந்து, தலையில் ஹெல்மெட்டோடு. ஹெல்மெட் கட்டாயம் என்று போலீஸ் சொன்னதை என்னைப்போல் மனசாரக் கடைப்பிடிப்பவர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. ஆடிக் காற்று மலை இடுக்கு வழியாக இறங்கி அடிக்கிற அடியில் கொசுவம் நிற்காது. ஊக்குக்கு மேல் ஊக்காகக் குத்தி அனுப்புவாள். கட்டிக்கொள்வது பெரும்பாலும் சக்கம்பட்டி காட்டன். ஆண்டிபட்டிப் பக்கத்துத் தறிச் சேலை, கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கும், ஆம்பளை உடம்பின் கோணல்களையும் கொஞ்சம் மறைக்கும்.

ஒரு தடவை வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பாட்டி. "ஏத்தா, முந்தானைய இழுத்துச் சொருகு, பறக்குது பாரு" என்றார். திரும்பினேன். என் முகத்தை அண்ணாந்து பார்த்தார். பவுடரையும் மீறித் தாடை காட்டிக்கொடுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, "நேத்திக்கடனா?" என்றார். தலையாட்டினேன். "அதான பாத்தேன்" என்று அவரே முந்தானையை இழுத்து என் இடுப்பில் சொருகிவிட்டார். ஒரு தலையாட்டலில் நான் பக்தன் ஆகிவிட்டேன்.

ஜாக்கெட் தைக்கப் போனபோதும் இதே கதைதான். பெண்களுக்கு அளவு ஜாக்கெட் என்று ஒன்று வீட்டில் இருக்கும், கொடுத்துவிட்டு வந்துவிடலாம். எனக்கு முதல் ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட் ஏது? டெய்லர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருக்குண்ணே?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். டேப் அந்தரத்தில் நின்றது. "நாடகத்துக்கா?" என்று அவரே கேட்டார். "ஆமா" என்றேன். உடனே ஆள் உற்சாகமாகிவிட்டார். ஸ்திரீபார்ட் என்றால் கை நீளம் கொஞ்சம் கூட வைக்க வேண்டும், தோள் அகலத்துக்குப் பின்பக்கம் இறக்கித் தைக்கக் கூடாது என்று யோசனையெல்லாம் சொன்னார். நல்ல யோசனைகள். இன்றைக்கும் அப்படித்தான் தைத்துக்கொள்கிறேன்.

சேலை கட்டிய ஆணை நம் ஊர் புதிதாகப் பார்க்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் ராமராயர் மண்டபத்துத் தசாவதார இரவில் அழகரே மோகினியாக வருகிறார். பத்து அவதாரத்தில் சேராத அலங்காரம், அதற்குத்தான் கூட்டம் விடிய விடியக் காத்திருக்கும். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் லாரி டிரைவரும் கொத்தனாரும் காளியாக, குறத்தியாக வேஷம் கட்டி, ஊர் ஊராகத் தர்மம் எடுத்து, அந்தக் காசைக் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம், கொல்லம் மாவட்டத்துச் சவறாவில், கொட்டங்குளங்கரை தேவி கோயிலில் மார்ச் மாதம் சமயவிளக்கு. ஆண்கள் மீசையை எடுத்துவிட்டு, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, விளக்கேந்தி நிற்பார்கள். அலங்காரம் செய்துவிட ஆட்கள் கோயில் பக்கத்திலேயே கடை போட்டிருப்பார்கள். அப்பாவுக்குப் பொட்டு சரியாக இருக்கிறதா என்று மகள் பார்த்துச் சொல்கிற இடம் அது.

மேடையைக் கேட்கவே வேண்டாம். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் வள்ளியும் பையன், வள்ளியின் தோழியும் பையன். அங்கே வளர்ந்த டி. கே. சண்முகம் பிற்பாடு கிழவியாக நடித்தே ஔவை சண்முகம் ஆனார். சிவாஜி கணேசன் நாடகக் கம்பெனிச் சிறுவனாக இருந்தபோது கட்டிய முதல் வேடங்களில் ஒன்று சீதை. மறுபக்கமும் உண்டு, சினிமாவில்: 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக வந்தார், 1941இல் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக வந்தார்.

இதெல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு காரணம் இருப்பதைக் கவனியுங்கள். அர்ச்சுனன்கூட விராட நகரத்தில் பிருகன்னளையாக இருந்தது அஞ்ஞாதவாசத்துக்காக. சினிமாவில் 'ஆணழகன்' படத்தில் வாடகை வீடு கிடைக்க, 'அவ்வை சண்முகி'யில் பெற்ற மகளின் பக்கத்தில் இருக்க, 'ரெமோ'வில் காதலித்த பெண்ணை அடைய. கடைசி ரீலில் விக் கழன்று விழும், ஆண் மீண்டும் ஆணாவான், தியேட்டர் கைதட்டும். சும்மா கட்டினேன், பிடித்திருக்கிறது என்று ஒரு கதாநாயகன் சொல்லி நான் இதுவரை பார்க்கவில்லை.

என்னிடம் ஊர் கேட்பதும் இந்த ஒரு கேள்விதான்: "எதுக்கு?" கோபமாகக் கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலும் பரிதாபமாகக் கேட்கிறார்கள், ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடு, நாங்கள் நிம்மதியாகப் போகிறோம் என்பதுபோல. தீச்சட்டி எடுத்தவனாகவோ வேஷம் கட்டியவனாகவோ இருந்தால் எனக்கு டீ இலவசம். சும்மா டீ குடிக்க வந்தவனாக இருந்தால் கண்ணாடி டம்ளர் பேப்பர் கப்பாக மாறிவிடுகிறது.

இந்த வேடிக்கையை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். விடிவதற்கு முன்னால் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. குச்சனூர் வயலில் நாற்று நடுகிறவர்களும் அப்படித்தான். ஆம்பளைச் சட்டை போட்டதற்காக அவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. சரி, அது வேலைக்காக: கொசு, வெயில், மருந்து. ஆனால் எங்கள் தெருவில் சாயங்காலம் வேலை முடிந்து வந்த பிறகும் அந்தச் சட்டையைக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்து பேசுகிற அக்காக்கள் உண்டு. பழகிவிட்டது, நன்றாக இருக்கிறது என்பார்கள். அந்தப் பதில் அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஏனென்றால் நம் கணக்கில் பெண் சட்டை போட்டால் ஒரு படி ஏறுகிறாள், ஆண் சேலை கட்டினால் ஒரு படி இறங்குகிறான். இந்தக் கணக்கைக் கேட்டால் என்னை விட என் மனைவிக்குத்தான் கோபம் வருகிறது. "அப்ப நாங்க தினமும் இறங்கித்தான் நிக்கிறோமா?" என்பாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ரேகைச் சட்டம் என்றால் இன்னும் உடம்பு பதறும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைக்கச் சொன்னதை எதிர்த்து, 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அந்தச் சட்டம் முதன்முதலில் 1871இல் வடக்கே வந்தபோது அதற்கு இன்னொரு பாகமும் இருந்தது, நம்மில் பலருக்குத் தெரியாது. சந்தேகத்தின் பேரில் அரவாணிகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அப்படி ஏறியவர் பெண்ணைப்போல் உடுத்தி, நகை போட்டுக்கொண்டு தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், இரண்டு வருஷம் வரை சிறை. இரவில் ஊரை விட்டு நகர ராதாரிச் சீட்டு கேட்ட சட்டமும் சேலைக்குக் கைது செய்த சட்டமும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தவை. பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று எழுதிய அதே கை, உடுப்பை வைத்தும் எழுதியது.

இன்றைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 2014 ஏப்ரல் 15ஆம் தேதி, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், ஏ. கே. சிக்ரி இருவரும் தந்த தீர்ப்பு, முக்கியமாகத் திருநங்கை, திருநம்பியருக்கானது. ஆனால் போகிற போக்கில் என்னைப் போன்றவனுக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. உடையும் நடையும் பேச்சும் ஒருவரின் கருத்து வெளிப்பாட்டில் சேரும், அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு அதைக் காக்கிறது என்றது. ஆக, சேலை கட்டிக்கொண்டு ரோட்டில் நடப்பது குற்றமில்லை. யாராவது மிரட்டினால் சொல்லிக்கொள்ள இது போதும். சொல்லும்போது குரல் நடுங்காமல் இருக்க வேண்டும், அதற்குத் தீர்ப்பு உதவாது.

சட்டத்துக்கு வெளியே எத்தனையோ சின்னச் சின்னச் சிக்கல். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், பிறகு திருநங்கையருக்கும் அப்படியே. நான் இரண்டு கணக்கிலும் இல்லை. சின்னமனூரிலிருந்து வரும்போது ஒரு நாள் காசை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. "பொம்பளைகளுக்கு ஃப்ரீம்மா" என்று இலவசச் சீட்டைக் கிழிக்கப் போனார். வேண்டாம் என்று வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும், சும்மா இருந்தால் அரசாங்கத்தை ஏமாற்றியதாகிவிடும். வாயைத் திறந்தேன். "எனக்கு டிக்கெட் போடுங்கண்ணே." பஸ்ஸே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. கடைசி சீட்டிலிருந்து ஒரு பையன் விசில் அடித்தான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, பின்னால் பார்த்து, "டேய், இறங்கி நடக்கிறியா?" என்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காரணம் கேட்காத மனிதர்கள் இப்படி எங்காவது சீருடையில் இருப்பார்கள்.

கழிப்பறைதான் தீராத பிரச்சினை. ஆண்கள் பக்கம் போனால் எனக்குப் பயம். பெண்கள் பக்கம் போனால் அங்கே இருக்கிற பெண்ணுக்குப் பயம், அவள் பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. அதனால் காலையில் ஒரு வாய் காபியோடு சரி, வீடு திரும்பும் வரை தண்ணீர் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் மூன்றாவதாக ஒரு கதவு வைத்தால் எனக்கு மட்டும் இல்லை, வயசான அம்மாவைக் கூட்டி வருகிற மகனுக்கும், சின்னப் பெண் பிள்ளையோடு வருகிற அப்பாவுக்கும் உதவும். நகராட்சிக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இதை மனுவாக எடுத்துக்கொள்ளலாம்.

போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். ஆடிக் காற்றில் என் ஊக்கு ஒரு சேலையைக் கிழித்திருந்தது, அது மனைவியுடையது. அந்தக் கணக்கைத் தீர்க்காமல் அவள் விடுவதாக இல்லை. அவளுக்கு ஒரு சேலை எடுத்தாள். பிறகு இன்னொன்றைப் பிரித்துப் போடச் சொன்னாள். பச்சை உடல், அரக்குக் கரை. கடைக்காரர் விரித்துக்கொண்டே, "இது யாருக்குங்க, மாமியாருக்கா?" என்றார்.

"இல்லங்க, இவருக்கு" என்றாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "ஆளு உசரம், முந்தானை நீளமா வர்ற மாதிரி வேற இருந்தா எடுத்துப் போடுங்க" என்றாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து இன்னொரு கட்டை இறக்கினார். "ஆறே கால் மீட்டர் இருக்கு. போதுமாண்ணே?"