மாதவிலக்குத் தலையிடி: மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை



மாதவிலக்குத் தொடங்க இரு நாட்கள் முன்பிருந்து அதன் மூன்றாம் நாள் வரை வரும் ஒற்றைத் தலையிடி வெறும் களைப்பன்று. ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோன் அந்நாட்களில் குறைவதே பெரும்பாலும் காரணம். தலையிடி வந்த நாட்களையும் மாதவிலக்கு நாட்களையும் மூன்று மாதங்கள் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். தொடர்பு தெரிந்தால், அந்நாட்களுக்கு மட்டும் தடுப்பு மருந்து தர மருத்துவரால் இயலும். பனடோலை மாதந்தோறும் 15 நாட்களுக்கு மேல் எடுத்தால், அதுவே தலையிடியை வளர்க்கும்.

நான் மருத்துவரல்லேன், மொழிபெயர்ப்பாளர். ஆதலால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். தலையிடிக்கு முன் கண்ணில் நெளியும் ஒளிக்கோடுகள் தோன்றுகின்றனவா? கையோ முகமோ விறைக்கின்றதா? இதற்குத் தமிழில் பழகிய சொல் இல்லாமையால் பலர் சொல்லாமலே விடுகின்றனர். அத்தகையோருக்கு ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். ஈஸ்ட்ரஜன் இல்லாத மாற்று வழிகள் உண்டு.

கணவரோ மகனோ அருகிருந்து மொழிபெயர்த்தால் இவற்றைச் சொல்ல நா எழாது. மருத்துவரிடம் நேரம் பதியும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பெண்ணே வேண்டும் என்றும் கேட்கலாம். மெடிகெயார் உடையோருக்கு இது இலவசம். கேட்டதை வெளியிடாமை உரைபெயர்ப்பாளரின் தொழில்விதி. தொலைபேசி: 131 450.

திடீரென வாய் கோணினால், பேச்சுக் குழறினால், நாட்காட்டியைத் தேடாது உடனே 000 அழையுங்கள்.