கள்ள ஓட்டு எது?

(மதுரையை அடுத்த கிராமம் ஒன்றில் நடைபெற்ற பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



எலெக்ஷனில் கள்ள ஓட்டு என்பது உண்மையா, பொய்யா என்பதைப்பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். எலெக்ஷன் முடிந்தவுடன் தோற்றவன் "கள்ள ஓட்டுப் போட்டு என்னைத் தோற்கடித்துவிட்டார்கள்" என்கிறான். ஜெயித்தவன் "மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு" என்கிறான். ஐந்து வருஷம் கழித்து இவன் தோற்று அவன் ஜெயித்தால், இவன் பேச்சை அவனும் அவன் பேச்சை இவனும் பேசுகிறார்கள். ஆகையால் இந்த இருவர் பேச்சையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, நம் சொந்தப் புத்தியைக் கொண்டு யோசித்துப் பார்ப்போம்.

கள்ள ஓட்டே கிடையாது என்று சொல்ல நாம் வரவில்லை. செத்தவன் பெயரில் ஓட்டு விழுந்ததும் உண்டு. வெளியூர் போனவன் பெயரில் மற்றொருவன் போட்டதும் உண்டு. அதைத் தடுக்கத்தான் 1962 எலெக்ஷன் முதல் மைசூரில் செய்யப்படும் அழியாத மையை விரலில் வைக்கிறார்கள். சேஷன் அவர்கள் தலைமைக் கமிஷனராக இருந்தபோது, 1993-ல், போட்டோவுள்ள அடையாள அட்டை வந்தது. பிறகு ஓட்டர் லிஸ்டிலேயே போட்டோவும் வந்தது. சாவடிக்குள்ளே கட்சிக்கு ஒரு ஏஜெண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் உள்ளூர்க்காரன், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் செத்தார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் இரண்டு ரூபாய் கட்டி "இவன் அவனல்ல" என்று ஆட்சேபிக்க அவனுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்கள் பெயரில் வேறொருவன் முந்திப் போட்டுவிட்டுப் போயிருந்தாலும் நீங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. தேர்தல் நடத்தை விதி 49-பியின்படி தனி வாக்குச்சீட்டுக் கேட்டு வாங்கலாம். அது சாதாரண எண்ணிக்கையில் சேராது என்றாலும், வழக்கு வந்து கோர்ட்டு கேட்டால் அதுவே சாட்சியாக நிற்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஆயிரம் கள்ள ஓட்டுப் போட வேண்டுமானால் ஆயிரம் தடவை ஒருவன் பொய் முகத்தோடு வந்து, மையையும், போட்டோவையும், ஏஜெண்டையும், அதிகாரியையும், வரிசையில் நிற்கும் அண்டை வீட்டுக்காரனையும் ஏமாற்றியாக வேண்டும். ஒரு சாவடியில் நாலு ஓட்டு, ஐந்து ஓட்டு போடலாம். பத்து ஓட்டில் முடிவாகும் வார்டு எலெக்ஷனில் அது பெரிய அக்கிரமந்தான். ஆனால் சட்டசபைத் தொகுதி ஒன்றையே திருப்பிவிட நினைக்கிறவன் இந்தக் கஷ்டமான வேலைக்கு ஏன் போகிறான்? அதைவிடச் சுலபமான வழிகள் அவனுக்குத் தெரியும். அவற்றில் மூன்றை மட்டும் இங்கே சொல்லுகிறோம்.

முதல் வழி: பெயரே இல்லாமல் செய்வது

சுதந்திரம் வந்தபின் 1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர் ஜாபிதாவிலிருந்து எடுக்கப்பட்டது. அவர்கள் செய்த குற்றம் என்ன? வடநாட்டில் பல இடங்களில் அந்தப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றுதான் பதிந்தார்கள். புருஷன் பெயரைப் பெண் சொல்லக்கூடாது, பெண் பெயரை அந்நியன் கேட்கக்கூடாது என்ற சாஸ்திரமும் வழக்கமும் சேர்ந்து 28 லட்சம் ஓட்டை விழுங்கிவிட்டன. எந்தக் கள்ள ஓட்டுக்காரனாவது ஒரே தேர்தலில் இத்தனை ஓட்டைத் திருடியிருப்பானா?

அது பழைய கதை என்று சொல்லாதீர்கள். நம் தமிழ்நாட்டில் 2025 நவம்பர் முதல் வீடு வீடாக நமூனா கொடுத்து ஓட்டர் லிஸ்டைத் திருத்தினார்கள். டிசம்பர் 19-ல் வந்த வரைவு லிஸ்டில் 6 கோடியே 41 லட்சமாக இருந்த பெயர்கள் 5 கோடியே 43 லட்சமாகச் சுருங்கின. அதாவது 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் போயின. இதில் செத்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம் என்றார்கள்; செத்தவன் பெயரை எடுக்க வேண்டியதுதான். இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் 3 லட்சத்துச் சொச்சம்; அதுவும் சரி. மீதி 66 லட்சம் பேர் யார்? இடம் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் என்று எழுதப்பட்டவர்கள்.

இந்த 66 லட்சமும் அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. உண்மையில் ஊரை விட்டே போனவர்கள் அதில் நிறைய இருப்பார்கள். மனுக் கொடுத்துச் சேர்ந்துகொள்ளக் காலமும் விட்டார்கள். ஆனால் ஆபீசர் வந்து கதவைத் தட்டுகிற நேரத்தில் வீட்டில் இல்லாதவன் யார்? மெத்தை வீட்டு முதலாளியா? செங்கல் சூளைக்குப் போனவன், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், கரும்பு வெட்டப் போனவன், கலியாணமாகிப் புருஷன் ஊருக்குப் போன பெண் - இவர்கள்தானே! ஜாபிதாவைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். வீட்டைக் கூட்டும்போது குப்பையோடு குழந்தையையும் வாரிக் கொட்டிவிடாமல் பார்க்க வேண்டுமா, வேண்டாமா?

அமெரிக்காவின் தென் மாகாணங்களில் "தகுதியில்லாதவன் ஓட்டுப் போடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டு, கறுப்பு மக்களுக்கு எழுத்துப் பரீட்சை வைத்து வைத்தே அவர்களை வெளியே நிறுத்தினார்கள். 1965-ல் தனிச் சட்டம் வந்துதான் அந்தப் புரட்டு ஒழிந்தது. ஏழையைக் கழிப்பதற்கு "யோக்கியமான எலெக்ஷன்" என்ற பெயர் எங்கும் சௌகரியமான பெயராக இருந்து வந்திருக்கிறது.

இரண்டாவது வழி: ஜாதி

நம் மதுரை ஜில்லாவில் நடந்ததைச் சொல்லுகிறோம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தாழ்த்தப்பட்ட தோழர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. விருதுநகர் ஜில்லா கொட்டக்காச்சியேந்தலும் அப்படியே. உடனே என்ன ஆயிற்று? பத்து வருஷ காலம் அங்கே ஒழுங்கான தலைவர் ஒருவர் வேலை பார்க்க முடியவில்லை. ஆள் இல்லாமல் மனுவே விழாது. விழுந்தால் ஆதிக்க ஜாதிக்காரர்கள் தங்கள் சொல் கேட்கும் ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைத்து, பதவிப் பிரமாணம் செய்த கையோடு ராஜினாமாவும் எழுதி வாங்கிவிடுவார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது.

இதில் ஒரு கள்ள ஓட்டுக்கூட இல்லை, கவனியுங்கள். விரலில் வைத்த மை சுத்தம், லிஸ்ட் சுத்தம், எண்ணிக்கை சுத்தம். ஆனால் எலெக்ஷன் முழுவதும் கள்ளத்தனம்!

மேலூர் பக்கத்து மேலவளவு உங்களுக்குத் தெரியும். அங்கும் 1996-ல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. மிரட்டலில் ஒரு தடவை தேர்தல் நின்றது. கலகத்தில் மறு தடவையும் கெட்டது. கடைசியில் டிசம்பர் 31-ல் போலீசு காவலோடு தேர்தல் நடத்தி முருகேசன் அவர்கள் தலைவரானார். 1997 ஜூன் 30-ந் தேதி மதுரைக்குக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பியவரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இன்னும் ஐவரைக் கொன்றார்கள். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதில் 13 பேர் 2019-ல் முன்கூட்டியே விடுதலையும் ஆனார்கள்.

தோழர்களே! ஓட்டைத் திருடுவது ஒன்று. ஓட்டு வாங்கி ஜெயித்தவன் உயிரையே எடுப்பது மற்றொன்று. பின்னதைச் செய்யும் தைரியம் எங்கிருந்து வந்தது? பிறப்பினால் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்று கடவுளே எழுதி வைத்தான் என்கிற நம்பிக்கையிலிருந்துதான் வந்தது.

மூன்றாவது வழி: பணமும் சாமியும்

2009 ஜனவரி 9-ந் தேதி திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 39,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசம். "திருமங்கலம் பார்முலா" என்று நம் ஊர்ப் பெயரை இந்தியா முழுவதும் நாற வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி தன் சர்க்காருக்கு எழுதிய கடிதம் 2011-ல் பத்திரிகையில் வெளிவந்தது. ஓட்டருக்கு 5000 ரூபாய் வீதம், காலையில் வருகிற பத்திரிகைக்குள் கவரில் வைத்துக் கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. பெயர் அடிபட்டவர்கள் மறுத்தார்கள். அந்த ஒரு கட்சி மட்டுந்தான் அயோக்கியம், மற்றவையெல்லாம் யோக்கியம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் சென்னை ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் கமிஷன் தேர்தலையே ரத்துச் செய்தது. எதற்காக? கள்ள ஓட்டுக்காக அல்ல, பணத்துக்காக.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். பணம் கொடுக்கிறவன் முட்டாளல்ல. ஓட்டு மறைவாக விழுகிறது. இங்கிலாந்தில் 1872 வரை ஓட்டர் நாலு பேர் முன்னால் வாயால் சொல்லித்தான் ஓட்டுப் போட்டான். மிராசுதார் பார்த்துக்கொண்டே நிற்பான். அதனால்தான் ரகசிய ஓட்டு ஏற்பட்டது. அப்படியிருக்க, இன்று பணம் கொடுத்தவன் தன் சரக்கு வந்து சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வான்? பிராமிசரி நோட்டு எழுதி வாங்க முடியாது. கோர்ட்டுக்குப் போக முடியாது. சட்ட விரோதமான காரியத்துக்குச் செய்த ஒப்பந்தம் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பின் யாரை ஜாமீன் பிடிக்கிறான்? சாமியை!

கற்பூரத்தை அடி என்கிறான். பால் சொம்பில் கை வை என்கிறான். பிள்ளை தலையில் அடித்துச் சொல் என்கிறான். அழகர் கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் மேல் ஆணையிடு என்கிறான். சந்தனம் பூசி மூடி வைத்திருக்கிற அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்று காலம் காலமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள் அல்லவா? அந்தப் பயந்தான் இவனுக்கு வசூல் குமாஸ்தா. சம்பளமில்லாத குமாஸ்தா!

நாம் கேட்கிறோம்: அந்தக் கருப்பனுக்குக் கண்ணிருந்தால் முதலில் யாருடைய கண்ணைக் குத்த வேண்டும்? ஊரார் பணத்தைக் கொள்ளையடித்து, அதில் ஒரு துளியை ஊராருக்கே லஞ்சமாகக் கொடுத்து, மறுபடியும் கொள்ளையடிக்கச் சீட்டு வாங்குகிறானே, அவன் கண்ணையல்லவா குத்த வேண்டும்? கொடுத்தவனை விட்டுவிட்டு, ஐந்து பிள்ளையைப் பெற்று அரை வயிற்றுக் கஞ்சிக்குக் கையை நீட்டியவளை மட்டும் தண்டிக்கிற சாமி, யாருடைய கட்சிச் சாமி?

இதையெல்லாம் சுயமரியாதைக்காரன் நாத்திகத்தினால் சொல்லுகிறான் என்பார்கள். சட்டமே என்ன சொல்லுகிறது, பாருங்கள். ஓட்டரைத் தெய்வக் குற்றத்துக்கு ஆளாவாய் என்று நம்பச் செய்வதும் குற்றமே என்று 1920-லேயே இந்தியன் பீனல் கோடில் எழுதினார்கள். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-வது பிரிவிலும் அது இருக்கிறது. அபேட்சகர் அப்படிச் செய்தது ருசுவானால் தேர்தலே செல்லாது. 2024 ஜூலை முதல் பீனல் கோடுக்குப் பதிலாக வந்த சட்டத்திலும் அது இருக்கிறது. ஆகவே சூடத்தைக் கொண்டு வருகிறவன் பணம் கொண்டு வருகிறவனைப் போலவே குற்றவாளி.

"வாங்கித் தின்றுவிட்டு மாற்றிப் போடுவது யோக்கியமா?" என்று ஒரு தோழர் சீட்டெழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான். வாங்கச் சொல்லி நாம் உபதேசம் செய்யவில்லை. வாங்குவதும் குற்றம், ஒரு வருஷம் வரை தண்டனை உண்டு. 5000 ரூபாயை ஐந்து வருஷத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு மூன்று ரூபாய்கூட ஆகவில்லை. ஒரு டீக்கும் காணாது. அந்த விலைக்குத் தன் மானத்தை விற்க வேண்டியதில்லை. ஆனால் வறுமையினாலோ பயத்தினாலோ வாங்கிவிட்டவர் ஒருவர் இருந்தால், அவருக்கு நாம் சொல்லுவது இதுதான்: அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது. திருடனுக்கு "உன்னோடு திருட வருகிறேன்" என்று வாக்குக் கொடுத்தவன் அந்த வாக்கைக் காப்பாற்றுவதா நாணயம்? வாங்கியது ஒரு தப்பு. அதற்காக ஊரையும் விற்பது இரண்டாவது தப்பு.

இன்னொரு பயமும் இருக்கிறது. "மெஷினில் யார் எதற்குப் போட்டார்கள் என்று தெரிந்துவிடும்" என்கிறார்கள். சாவடி சாவடியாக எண்ணுவதால் இந்தச் சாவடியில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்று தெரியும், அது உண்மை. ஆனால் இன்ன ஆள் எதை அழுத்தினார் என்று தெரியாது. கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிகிற சீட்டில் சின்னம் இருக்குமே ஒழிய உங்கள் பெயர் இருக்காது. அதுவும் பெட்டிக்குள் விழுந்துவிடும். பெட்டிக்கும் தெரியாது, கருப்பனுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

ஆதலால், தோழர்களே! கள்ள ஓட்டு உண்மையா என்றால், உண்மைதான். ஆனால் அது சில்லறைத் திருட்டு. பெயரை அழிப்பதும், ஜாதியைக் கொண்டு மிரட்டுவதும், பணத்தைக் கொடுத்துச் சாமியைக் காவல் வைப்பதுமே மொத்த வியாபாரம். சில்லறைத் திருட்டுக்குப் போலீசும் சட்டமும் இருக்கின்றன. மொத்த வியாபாரம் நம் மூளைக்குள் நடப்பதால் அதற்கு நாமேதான் காவல்.

இங்கிருந்து போனதும் வீட்டிலுள்ள பெண்கள் உட்பட எல்லோர் பெயரும் லிஸ்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 6-ம் நம்பர் பாரம். பிழையிருந்தாலும் இடம் மாறினாலும் 8-ம் நம்பர் பாரம். எழுதத் தெரியாதவருக்கு இங்குள்ள இளைஞர்கள் எழுதிக் கொடுங்கள். ஊர்க்கூட்டம் போட்டு "இன்னாருக்குத்தான் நம் ஊர் ஓட்டு" என்று கட்டுப்பாடு செய்தால், ஓட்டு ஊருடையதல்ல, ஆளுடையது என்று எழுந்து சொல்லுங்கள். சூடத்தட்டு வாசலுக்கு வந்தால் ஊதி அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். இந்த ஊரில் பத்து வீடாவது இதைச் செய்தால் மற்ற வீடுகளுக்கும் பயம் தெளியும்.

நாம் சொன்னவற்றையும் அப்படியே நம்பிவிடாமல் உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.