முகமும் பெயரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. இந்த அவை அறியாததன்று. ஒருத்தியின் உள்ளத்து நோவை ஊரறியப் பாடலாம். அவள் இன்னாள் என்று ஊரறியச் சொல்லலாகாது. பெயர் மறைந்ததால் அவள் காக்கப்பட்டாள். பாடலும் எல்லார்க்கும் பொதுவாயிற்று. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்வோரும் இந்நெறியையே தமக்கு அரணாகக் காட்டக்கூடும். பெயரைப் போடவில்லையே, யாரோ ஒரு முகந்தானே என்பர். ஆனால் சொல்லில் பிறந்த தலைவிக்கு முகம் இல்லை. படத்தில் இருப்பவளுக்கு உண்டு. முகத்தைக் காட்டிவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவிடுவதற்கு அகமரபு துணை வாராது.

1984இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி, பெஷாவருக்கு அருகிலிருந்த நாசிர் பாக் முகாமுக்குச் சென்றார். ஆப்கானிஸ்தானத்துப் போருக்குத் தப்பி வந்தோர் தங்கிய இடம் அது. அங்கே கூடாரத்தில் நடந்த பள்ளியில் பஷ்தூன் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்தார். 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழின் அட்டையில் அப்படம் வெளிவந்தது. அந்தப் பச்சை விழிகளை உலகமே அறிந்தது. அவற்றுக்கு உரியவளின் பெயரை ஒருவரும் அறியவில்லை. 2002இல் மெக்கரி ஒரு குழுவோடு தேடிச் சென்று அவரைக் கண்டார். கருவிழியின் அமைப்பைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்தனர். பெயர் ஷர்பத் குலா. அதுவரை அப்படத்தை அவர் பார்த்ததே இல்லை.

ஆனால் படமெடுத்த நாளை அவர் மறக்கவில்லை. அன்று சினங்கொண்டதை நினைவுகூர்ந்தார். வந்தவர் அயலார், அதற்குமுன் எவரும் அவரைப் படமெடுத்ததில்லை. பஷ்தூன் குடியில் வளர்ந்த பெண் அயல் ஆடவர்முன் முகங்காட்டுவது வழக்கமன்று. 17 ஆண்டுகளாக உலகம் அந்த விழிகளில் போரின் அச்சத்தைப் படித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பங்கு, கருவியோடு எதிரே நின்றவர்மேல் எழுந்த சினம். உரை எழுதுவோர் பாடலைப் பிறழ உணர்வதுண்டு. இது போல் பிறழ்ந்தது அரிது.

பெயர் தெரிந்தபின் எல்லாம் நலமாயின என்றும் சொல்வதற்கில்லை. 2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் சிறைப்பட்டு, ஆப்கானிஸ்தானத்துக்கு அனுப்பப்பட்டார். 2021இல் இத்தாலி அவருக்கு அடைக்கலம் தந்தது. பெயரை அச்சிட்டுவிட்டால் கடன் தீர்ந்தது என்பதும் பொருந்தாது. வெளியிடலாமா, கூடாதா என்பதை முகத்துக்கு உரியவரே சொல்லவேண்டும். சொல்லவேண்டுமானால் அவரைக் கேட்கவேண்டும். கேட்க, அவர் மொழி அறிந்த ஒருவர் உடன்வரவேண்டும். சற்று நேரமும் வேண்டும்.

கேட்கவும் வழியில்லாத இடங்கள் உண்டு. அந்தமானின் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. அவர்களைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம். உணவு தந்து அவர்களை ஆடவைத்த வீடியோ 2012இல் வெளியானபோது நாடே நாணியது. அச்சாலையில் செல்வோர் கருவியைப் பைக்குள் வைத்துவிடுவதே அம்மக்களுக்குச் செய்யும் மரியாதை.

கேட்க நேரமில்லாமற் போவது நல்லோரிடத்தும் நேர்வது. 1936 மார்ச்சில் டோரத்தியா லாங், அமெரிக்க அரசுப் பணியாக ஒரு மாதம் பயணம் செய்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிப்போர் தங்கியிருப்பதைக் காட்டிய பலகையைக் கடந்து 20 மைல் போனவர், மனம் கேளாமல் வண்டியைத் திருப்பினார். கூடாரத்தில் குழந்தைகளோடு ஒரு தாய். சில படங்கள் எடுத்தார்; பெயரைக் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். வயது மட்டும் கேட்டார்: 32. மக்களின் சொற்களைக் கேட்டுக் குறிப்பெடுப்பது லாங்கின் வழக்கம். கணவர் பால் டெய்லரோடு 1939இல் வெளியிட்ட நூலில் அச்சொற்களைச் சேர்த்தும் இருக்கிறார். அன்று அது நிகழவில்லை. உணவுக்காக அக்குடும்பம் தன் காரின் டயர்களை விற்றது என்று அவர் எழுதியதைப் பிள்ளைகள் பின்னர் மறுத்தனர்.

படம் சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் வந்ததும் அம்முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு சென்றது. அது பலரைக் காத்தது. அதனால் அப்படம் வேண்டாதது என்று எவரும் துணிந்து சொல்லார். அந்தத் தாய் மட்டும் சொன்னார். உணவு வருமுன்பே அவர் குடும்பம் வேலை தேடி வேறூர் போய்விட்டிருந்தது. 1978இல், தம் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளிப்பட்ட அவர், அப்படம் எடுக்கப்படாதிருந்தால் நன்றாயிருக்கும் என்றார். தமக்கு ஒரு காசும் வரவில்லை, பெயரையும் கேட்கவில்லை, ஒரு படி அனுப்புவதாகச் சொன்னது வந்து சேரவேயில்லை என்றார். படம் அரசின் உடைமை. லாங்கும் அதை விற்றுப் பொருள் ஈட்டினாரல்லர். தாம்சனின் குறையில் காசைவிடக் கேளாத பெயரும் வாராத படியுமே உறுத்துகின்றன.

1983இல் அவர் நோயுற்றபோது பிள்ளைகள் உதவி வேண்டினர். 30,000 டாலருக்கும் மேல் சேர்ந்தது. நாடெங்குமிருந்து கடிதங்கள் வந்தன. அப்படத்தின்மேல் குடும்பத்துக்கு இருந்த கசப்பு, அக்கடிதங்களைப் படித்த பிறகே பெருமிதமாக மாறியது என்றார் மகன். அவ்வாண்டே தாம்சன் மறைந்தார். அவர் கல்லறையில், உலகம் அறிந்த படத்தலைப்பு செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே அவருடைய முழுப்பெயரும் இருக்கிறது.